வரவேற்புக் கூடத்தில் உம்மா

அத்தியாயம் பதினேழு

வேனை விட்டு இறங்கிய நிமிஷத்திலேயே ஸஹ்றாவுக்கு அந்த ஹோட்டலைப் பிடித்துப்போய்விட்டது. அன்றைய நாளின் முதல் கோபம் அதுதான்.

கூடப்பிறந்த மூத்தவன் நானா கட்டிய கட்டடத்தில் என்னென்ன நொட்டை இருக்கும் என்று கொழும்பிலிருந்து வழி நெடுக எண்ணிக்கொண்டு வந்தவள் அவள். சிலாபம் தாண்டுவதற்குள் ஒரு பட்டியலே தயாராகியிருந்தது. நேரில் பார்த்தால் ஒன்றையும் வாயில் எடுக்க முடியவில்லை. கற்பிட்டிக் கடல்நீர்க் களப்பைப் பார்த்தபடி நீளமாக, தாழ்வாக, எழும்பிக் காட்ட ஆசைப்படாமல் கிடந்தது கட்டடம். வெளிச்சுவர் முழுக்கக் கொங்கிறீட் தட்டிகள். ஈரக் கொங்கிறீட்டில் நிஜமான தென்னோலைக் கிடுகை வைத்து அழுத்தி எடுத்த அச்சு, ஓலைக்கு ஓலை அப்படியே விழுந்திருந்தது. இடைவெளிகளால் காற்றும் வந்தது, வெளிச்சமும் வந்தது.

அந்தக் கிடுகைப் பார்த்துக் கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளமேறி இதே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய குடும்பம் அவளுடையது. அவளும் நானா நௌஃபரும் பிறந்ததே பாலாவிக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலில். மழைக்கு ஒழுகி, ஒரு தரம் பற்றியும் எரிந்த கிடுகு இப்போது கொங்கிறீட்டாகி, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு 'மண்ணின் மணம்' ஆகியிருந்தது. அந்த முகாமிலிருந்து கட்டடக்கலை படித்த முதல் ஆள் நௌஃபர். அவன் பெயரில் எழும்பும் முதல் கட்டடம் இது. சனிக்கிழமை திறப்பு விழா. இன்று வியாழன்.

ஸஹ்றாவுக்குப் படம்பிடிப்பது தொழில். ஆறு வருடமாக முகாம் வீடுகளைத்தான் எடுத்து வருகிறாள். கிடுகு எப்படித் தகரமாகிறது, தகரம் எப்படிக் கல்லாகிறது, கல் வீடு வந்த பிறகும் சனம் ஏன் சமைக்கிற குசினியை மட்டும் கிடுகிலேயே விட்டு வைக்கிறது என்று அவளிடம் ஆயிரம் படம் இருக்கும். கொழும்புச் சஞ்சிகை ஒன்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தது: இந்த ஹோட்டலும், அது பிறந்த வீடுகளும், பக்கத்துக்குப் பக்கம். போன வாரம் அவள் அதற்கு ஓம் என்றது நானாவை அச்சில் வைத்து நாலு கேள்வி கேட்பதற்காகத்தான். வாப்பா அஹமட் மவுத்தாகி அடக்கம் செய்த மூன்றாம் நாளே 'சைட்டில வேலை கிடக்கு' என்று கிளம்பிப் போனவனை அவள் இன்னும் மன்னித்திருக்கவில்லை.

பத்து மணி வெயில் தட்டிகளுக்குள்ளால் நுழைந்து வரவேற்புக் கூடத்தின் பளபளத்த சீமெந்துத் தரையில் துண்டு துண்டாக விழுந்தது. அவள் வேகமாகக் கமராவை நிறுத்தினாள். இந்த வெளிச்சம் இருபது நிமிஷம் நிற்கும், அதற்கு மேல் நிற்காது. எல்லாம் சரியாக இருந்தது, எதிர்ச்சுவரைத் தவிர. அந்தச் சுவரை மேலிருந்து கீழ்வரை நீலப் பொலித்தீன் போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள். படத்தையே கெடுக்கிற நீலம்.

பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அதைக் கழற்றச் சொன்னாள். அவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவரிடம் சொன்னாள். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் தலைமை மேசன் அபூசாலியிடமே போனாள். அவளுக்கு அவர் சொந்தமில்லை. வாப்பாவோடு ஒரே வள்ளத்தில் வந்தவர் என்பதால் பிறந்த நாள் முதல் சாச்சா.

"அது கிடக்கட்டும் மகள்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "வேற பக்கத்தால எடு."

படம் எடுப்பது எப்படி என்று மேசன்மார் சொல்லித்தர வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமா என்று அவளுக்குக் கோபம் ஏறியது. வெளிச்சம் வேறு நகர்ந்துகொண்டிருந்தது. விறுவிறென்று போய்க் கயிற்றை அவிழ்த்து ஒரே இழுவையாக இழுத்தாள்.

சுவர் முழுக்க உம்மா இருந்தாள்.

பன்னிரண்டு அடி உயரத்துக்கு, வெள்ளைச் சேலையோடு, தலையில் துணியில்லாமல். குளித்த ஈரம் காயாத கூந்தல் இடுப்புவரை விரிந்து கிடக்க, ஒரு கையால் அதை உதறிக்கொண்டு, பாதி முகம் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்த கிடுகுச் சுவரின் ஓட்டைகளால் வந்த வெயில் அவள் கழுத்திலும் தோளிலும் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. நரைமயிர்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் துல்லியம்.

கூடத்தில் ஒன்பது ஆம்பிளைகள் இருந்தார்கள். ஒருவர்கூட நிமிரவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி, களப்புப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். பெயின்ற் அடித்தவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றார்.

"பெருநாள் லீவு முடிஞ்சு வந்து பார்த்தா இது மாட்டிக் கிடக்கு," என்றார் அபூசாலி, அவரும் திரும்பியபடியே. "பதினொரு நாளா மூடித்தான் வேலை செய்றம். உங்கட உம்மா இத்தாவிலயெல்லோ இருக்கிறா."

புருஷன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது இத்தா. முகாமில் பிறந்த பிள்ளைக்கும் அது தெரியும். உம்மா சபூரா பின்னறையை விட்டு முன்வாசலுக்குக்கூட வருவதில்லை. மருந்து கொடுக்க வருகிற டாக்டரிடம் திரைக்கு அப்பாலிருந்துதான் கதைப்பாள். அவளைத்தான் ஹோட்டல் வாசலில் நிறுத்தி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் தலைமயிரைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸஹ்றா பொலித்தீனைத் தூக்கிப் பிடித்தாள். அதைத் திரும்பக் கட்டுவதற்குள் மூன்று தரம் முடிச்சு வழுக்கியது.

நௌஃபரை அவள் சைட் அறையில் பிடித்தாள். ஒரு கிழமையாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, தட்டி எப்படி வந்திருக்கிறது என்று கேட்டான். தட்டியைப் பற்றிக் கதைக்க அவள் வரவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டாள். அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. முகம் பாதிதானே தெரிகிறது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றான். முதலாளி திங்கட்கிழமை வந்து அதற்கு முன்னால் கால்மணி நேரம் நின்று பார்த்ததைப் பெருமையாகச் சொன்னான்.

"உம்மா இத்தாவில இருக்கிறா நானா."

"படத்தில இத்தா இல்ல, ஸஹ்றா. வெளிச்சம் இருக்கு. நீ எடுத்ததிலயே நல்ல படம் அது. உனக்கும் அது தெரியும்."

தெரியும். யாரைக் கேட்டு மாட்டினீங்க என்று அவள் குரலை உயர்த்த, அவன் பதிலுக்கு அவளையே காட்டினான். ஹோட்டல் கதையைச் சொல்லும் சின்னப் புத்தகத்துக்குக் கிடுகுச் சுவர்ப் படங்கள் கேட்டபோது, நாற்பத்தொரு படத்தை அனுப்பியது யார்?

"எல்லாம் படுக்கைப் படம். நெட்டா இருந்தது அது ஒண்டுதான்," என்றான். "எனக்கு அந்தச் சுவருக்கு நெட்டாத்தான் வேணும்."

அந்தப் படம் மட்டும் ஏன் நெட்டு என்பது ஸஹ்றாவுக்குத் தெரியும். வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்த காலை அது. பின்னறைச் சுவரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். உம்மா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மகள்தானே என்று தலைத்துணியை எடுத்தாள். அந்த ஒரு நொடியில் கை தானாகக் கமராவை நிமிர்த்தியது, உம்மாவின் தலையும் உள்ளே வரட்டும் என்று. கேட்கவில்லை. பிறகும் சொல்லவில்லை. மற்றப் படங்களோடு அதையும் சேர்த்து அனுப்பியது மறதியில் அல்ல. நானா பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்ற ஆசையில்.

பேச்சை மாற்றுவது போல அவன் வேலையாட்களைக் குறை சொன்னான். தூசிக்கு மூடுகிறோம் என்று தினமும் காலையில் பொலித்தீனைக் கட்டிவிடுகிறார்களாம். பின்னேரம் இவன்தான் கழற்றிவிட வேண்டியிருக்கிறதாம்.

"தூசிக்கெண்டா நினைச்சீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. அதே கிணற்றில் தண்ணி குடித்து, அதே கொட்டிலில் ஓதி வளர்ந்தவன், தன் ஆட்கள் பதினொரு நாளாகத் தன் உம்மாவுக்குத் திரை பிடிப்பதைத் தூசி என்று நினைத்திருக்கிறான். அவள் சொன்னபோது அவன் முகம் ஒரு கணம் செத்துப்போனது. பிறகு திரும்ப இறுகியது. சனிக்கிழமை வரைக்கும் படம் அங்கேதான், யாரும் தொடக்கூடாது என்றான்.

"கழட்டு," என்றாள் ஸஹ்றா.

பிறந்ததிலிருந்து நானாவை அவள் நீ என்று கதைத்ததில்லை. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மத்தியானம் அவள் ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். உம்மாவுக்கு விஷயம் எட்டுவதற்குள் தானே பக்குவமாகச் சொல்லி, நானாவின் மேல் நாலு வார்த்தை ஏசி, இரண்டு பேருமாக ஒரு முடிவெடுக்கலாம் என்பது யோசனை. முன்பக்கம் கல் வீடு, பின்பக்கம் பழைய கிடுகறை. அதை இடிக்க வாப்பா கடைசிவரை விடவில்லை. உம்மா அங்கே சுளகில் இறாலை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

நானாவுடைய ஹோட்டலுக்குப் போய்விட்டு வருவதாக ஸஹ்றா தொடங்கினாள். உம்மா இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே, தெரியும் என்றாள். பத்து நாளாகத் தெரியும். அபூசாலியின் மனைவி ஜெய்னம்பு வந்து, சொல்வதா விடுவதா என்று அரை மணி நேரம் அழுதுவிட்டுத்தான் சொன்னாளாம். பத்து நாளில் மூன்று தரம் தொலைபேசியில் கதைத்திருக்கிறாள் ஸஹ்றா. மூன்று தரமும் உம்மா மழையைப் பற்றித்தான் கதைத்தாள்.

"நானாவுக்கு ஏன் ஏசல்ல உம்மா?"

"அவன் சுவர் கட்டுறவன். அவனுக்குச் சுவர்தான் கண்ணில பட்டிருக்கும்." உம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீ என்னைப் பார்த்துத்தானே எடுத்தாய்?"

உம்மாவுக்காகக் கோபப்பட வந்தவள், உம்மாவின் கோபத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். படத்தைக் காட்டச் சொன்னாள் உம்மா. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, போனை வாங்கி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கிறாய்," என்றாள். அந்தக் குரலுக்கு ஏச்சே தேவலை என்றிருந்தது. "கேம்ப்புக்கு எத்தனை பேர் கமராவோட வந்தாங்க. தண்ணிக்கு நிண்டாலும் எடுத்தாங்க. நிவாரணத்துக்கு நிண்டாலும் எடுத்தாங்க. நீ வயித்தில கிடக்கிறப்ப நான் சத்தி எடுத்ததையும் ஒருத்தன் எடுத்தான். ஒருத்தரும் கேக்கல்ல. அவங்க பிறத்தியார். நீ படம் பிடிக்கப் படிக்கப் போறன் எண்டு நிண்டப்ப வாப்பா வேணாமெண்டு சொன்னார். நான்தான் சொன்னன், நம்மட பிள்ளை எடுத்தா கேட்டுட்டு எடுப்பாள் எண்டு."

உம்மா அழவில்லை. ஸஹ்றாதான் அழுதாள். உம்மா அவளைத் தேற்றவும் இல்லை. இறால் தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் கிடக்கு. நான் வாசல் தாண்டமாட்டன். நீங்க ரெண்டு பேரும் ஏத்தினீங்க, ரெண்டு பேரும் இறக்குங்க. வேற ஆம்பிளை ஒருத்தனும் அதில கை வைக்கக் கூடாது."

பின்னேர அசர் தொழுகை முடியும் நேரம் ஸஹ்றா திரும்பி வந்து சேர்ந்தாள். அபூசாலி மேசன் ஹோட்டல் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உம்மா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அவர் நேரே கூடத்துக்குள் போனார். ஒரு நிமிஷத்தில் ஒன்பது பேரும் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பெரிய ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, அவர் கடைசியாக வந்து கதவை இழுத்து மூடினார். எல்லோரும் களப்பைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலாளி வீட்டு ஆளே வந்து உறுக்கி விரட்டினாலும் அவர்கள் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள்.

சத்தம் கேட்டு நௌஃபர் பக்கவாசலால் ஓடிவந்தபோது அவள் ஏணியின் பாதியில் நின்றாள். பொலித்தீன் கீழே கிடந்தது.

"இறங்கு ஸஹ்றா. சனிக்கிழமை மட்டும் இருக்கட்டும். ஞாயிறு நானே கழட்டி உம்மாட கையில குடுக்கிறன்."

"உம்மா உன்னையும்தான் கழட்டச் சொன்னா. வா, வந்து மற்றப் பக்கத்தைப் பிடி."

அவன் அசையவில்லை. கெஞ்சினான். பன்னிரண்டு வருடப் படிப்பும் வேலையும் இந்த ஒரு சுவரில் நிற்கிறது என்றான். வாப்பாவின் பெயரைச் சொன்னான். வாப்பாவின் பெயரைக் கேட்டதும் அவளுக்கு மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது. மூன்றாம் நாள் வாப்பாவின் கப்றில் மண் காயுமுன்னே ஓடியவன் இப்போது எந்த வாயால் அவரைக் கூப்பிடுகிறான் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, சட்டத்தில் அடித்திருந்த ஆணிகளை உளியால் ஒவ்வொன்றாக நெம்பினாள். துணியில் அச்சடித்த படம் மேல்மூலையிலிருந்து மெல்ல மடிந்தது. கூந்தல் மடிந்தது, கழுத்து மடிந்தது. கடைசி ஆணியை நெம்பியதும் அது முழுவதும் கழன்று விழுந்தது. முகம் மேலே தெரியத் தரையில் கிடக்கக் கூடாதென்று அவள் அவசர அவசரமாக இறங்கி, அதை வாரிச் சுருட்டினாள்.

ஏன் உதவிக்கு வரவில்லை என்று பார்க்கத் திரும்பினாள். நௌஃபர் சுவரைப் பார்க்காமல் தரையில் குந்தியிருந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கூரையிலிருந்து தரைவரை சுவர் பிளந்திருந்தது. மேலே விரல் நுழையும் அகலம், கீழே வரவரக் கை நுழையும் அகலம். புதிதாகப் பூசிய சாந்து அதன் இரு பக்கமும் பொருக்குப் பொருக்காக வெடித்து நின்றது. கூடத்தின் முழுக் கூரைத்தட்டும் அந்தச் சுவரில்தான் அமர்ந்திருந்தது. கட்டடம் படமெடுத்தே பிழைப்பவளுக்கு அதைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை.

"பெருநாள் லீவில கண்டன்," என்றான் நௌஃபர். "கொழும்பிலிருந்து ஆளைக் கூட்டிவந்து பூசினன். பூசி ரெண்டு நாளில திரும்ப வெடிச்சிட்டு. இங்க எனக்கும் எஞ்சினியருக்கும்தான் தெரியும். திறப்பு விழா முடியட்டும் எண்டு அவன்தான் சொன்னான்."

நெட்டாத்தான் வேணும் என்று அவன் சொன்னது அவளுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. கலையுமில்லை, உம்மாவுமில்லை. வெடிப்பின் அளவுக்கு ஒரு படம் தேடியிருக்கிறான்.

"மத்தியானம் சாச்சாக்கள் எங்க படுக்கிறவங்க?" என்று கேட்டாள்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நிழலுக்காக அந்தச் சுவரடியில் விரித்த சாக்குகள் அங்கேயே கிடந்தன, ஒன்பது சாக்கு. பதினொரு நாளாக உம்மாவுக்கு முதுகைக் காட்டி, மானத்தோடு, இதன் கீழேதான் தூங்கியிருக்கிறார்கள்.

சுருட்டிய படத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் கதவை நோக்கி நடந்தாள். சொல்லாதே என்றான் நௌஃபர். அவள் நிற்கவில்லை. கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள். ஒன்பது முதுகுகள் களப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"உள்ள வாங்க சாச்சா," என்றாள். "எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. இப்ப நீங்க அந்தச் சுவரைப் பார்க்க வேணும்."